மூன்று நோரிகோ, ஒரு ஹாரா செட்சுகோ: திரைப்பிம்பம் என்றால் என்ன?

ஒரு நடிகையை நாலைந்து படங்களில் பார்த்துவிட்டால் போதும், அவரை நமக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "ரொம்ப அமைதியானவங்க", "கொஞ்சம் திமிர் ஜாஸ்தி" என்று சோபாவில் சாய்ந்தபடி சான்றிதழ் கொடுப்போம். நேரில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அப்படியானால் நமக்குத் தெரிந்த அந்த ஆள் யார்? பாத்திரம் என்று சொல்ல முடியாது, அது படத்தோடு முடிந்துவிடுகிறது. நடிகை என்றும் சொல்ல முடியாது, அவர் வீட்டில் என்ன சமைக்கிறார், எதற்கு அழுகிறார் என்பதெல்லாம் நமக்கு எங்கே தெரியும். இரண்டுக்கும் நடுவில், போஸ்டரிலும் பத்திரிகை அட்டையிலும் நம் மண்டைக்குள்ளுமாக வளர்ந்த மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் திரைப்பிம்பம் என்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான வழி, ஜப்பானிய நடிகை ஹாரா செட்சுகோவின் கதையைப் பார்ப்பது. காரணம், மற்றவர்களிடம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிற இந்த மூன்று ஆட்களும் இவரிடம் தனித்தனிப் பெயரோடு இருக்கிறார்கள். பிறந்து வளர்ந்து செத்துப்போன மனுஷி ஐதா மாசாயே. சினிமா கம்பெனி உண்டாக்கிய நட்சத்திரம் ஹாரா செட்சுகோ. உலகம் முழுக்க ஆட்கள் இன்றும் காதலித்துக்கொண்டிருக்கிற பாத்திரம் நோரிகோ. (ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஹாரா என்பது குடும்பப் பெயர் மாதிரி, செட்சுகோ அவர் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது திருப்பிப் போடுவார்கள், நான் அவர்கள் ஊர் வழக்கப்படியே எழுதுகிறேன்.)

முதலில் மாசாயே. 1920 ஜூன் 17-இல் யோகோஹாமாவில் பிறந்தவர், பெரிய குடும்பத்தில் கடைக்குட்டி. வீட்டில் பணக் கஷ்டம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அக்காவின் கணவர் குமகாய் ஹிசாதோரா சினிமா இயக்குநர், நிக்காட்சு கம்பெனியில் இருந்தார். அவர் சொல்லித்தான் 1935-இல் இந்தப் பெண் ஸ்டுடியோவுக்குள் போகிறாள். ஆசைப்பட்டுப் போன கதை இல்லை, வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்ட கதை.

இங்கே ஒரு சின்ன விஷயம், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் அவர் செய்த பாத்திரத்தின் பெயரிலிருந்து எடுத்ததுதான் 'செட்சுகோ'. அதாவது அந்தப் பெயரே ஒரு வேஷத்திலிருந்து வந்தது. வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், பெயரைக் கழற்ற முடியாது.

அந்தக் காலத்து ஜப்பானில் நடிகர்கள் கம்பெனி ஆட்கள். நிக்காட்சு, ஷோசிகு, தோஹோ போன்ற பெரிய நிறுவனங்களிடம் ஸ்டுடியோ இருக்கும், தியேட்டர்கள் இருக்கும், ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட நடிகர்களும் இருப்பார்கள். எந்தப் படத்தில் நடிப்பது, எந்தப் பத்திரிகைக்கு எப்படிச் சிரிப்பது எல்லாவற்றிலும் கம்பெனியின் கை இருக்கும். பிம்பம் என்பது தற்செயலாக வளரும் செடி இல்லை, நிறைய சம்பளக்காரர்கள் சேர்ந்து தண்ணீர் ஊற்றுகிற தோட்டம்.

1936-இல் யாமானகா சதாவோ இயக்கிய ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஆர்னால்ட் ஃபாங்க் அவரைப் பார்த்தார். ஃபாங்க் பனிமலைப் படங்களுக்குப் பேர்போனவர். ஜப்பானும் நாஜி ஜெர்மனியும் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், இரண்டு நாடும் சேர்ந்து ஒரு படம் எடுப்பது என்று ஏற்பாடு. 'புதிய மண்' என்று தமிழில் சொல்லலாம். ஜெர்மனியில் படித்துவிட்டு மேற்கத்திய மோகத்தோடு திரும்புகிற மாப்பிள்ளை, அவனுக்காகவே வளர்க்கப்பட்ட பெண், மனம் உடைந்து கல்யாண உடையைக் கையில் எடுத்துக்கொண்டு எரிமலை ஏறுகிறாள். அந்தப் பெண் செட்சுகோ. ஜப்பானியத் தரப்பில் சேர்ந்து இயக்கிய இதாமி மன்சாகுவுக்கும் ஃபாங்குக்கும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் ஆளுக்கொரு வடிவமாக ஒரே படம் இரண்டாக வந்தது. 1937 மார்ச்சில், 16 வயதுப் பெண், அக்கா கணவரோடும் படத்தை வெளியிட்ட கவாகிதா தம்பதியோடும் சைபீரியா வழியாக ரயிலில் பெர்லின் போனார். தியேட்டர் தியேட்டராகப் போய் மேடையில் நின்று வணக்கம் சொன்னார். அங்கிருந்து பாரிஸ், அமெரிக்கா என்று சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். ஜெர்மானியர் பார்த்தது மாசாயேயை இல்லை. 'தியாகம் செய்யும் ஜப்பானியப் பெண்' என்று ஃபாங்க் வரைந்த ஒரு சித்திரத்தை.

அப்புறம் போர். 1942 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலின் முதலாம் ஆண்டையொட்டி தோஹோ வெளியிட்ட பிரமாண்டப் போர்ப் படத்தில், கடற்படை விமானியாகப் போகிற பையனின் அக்காவாக வருகிறார். முகத்தில் கவலை கலந்த பெருமை. இப்படி இன்னும் பல போர்க்காலப் படங்கள். நாடு தோற்றது, அமெரிக்க ராணுவம் வந்து உட்கார்ந்தது. 1946-இல் இயக்குநர் குரோசவா அகிரா 'நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்' எடுக்கிறார். ராணுவ ஆட்சியை எதிர்த்து உளவாளி என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் செத்துப்போகிற ஒருவனின் மனைவி, பேராசிரியர் வீட்டுச் செல்லப் பெண், பியானோ வாசித்த கையால் மாமியாரோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். யார் அந்தப் பெண் என்று கேட்கத் தேவையில்லை. அதே முகம்.

இரண்டு படத்துக்கும் நடுவில் நாலே வருஷம். நாட்டுக்காக மகனைக் கொடு என்று சொல்வதற்கும் அந்த முகம் சரியாக இருந்தது, அப்படிக் கேட்ட அரசை எதிர்த்து நில் என்று சொல்வதற்கும் சரியாக இருந்தது. அவர் முகத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அந்தந்த நேரத்தில் யாருக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்த்தால் பிம்பம் வேலை செய்கிற விதம் பிடிபடும். (இதை வைத்து அவரைப் பச்சோந்தி என்று திட்டுகிறவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் இருந்த இருபது சொச்சம் வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? படத்தை எடுத்த முதலாளிகளிடம் கேட்கலாம்.)

தோஹோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, 1946-இல் செட்சுகோ உட்பட பத்து முன்னணி நட்சத்திரங்கள் சங்கத்திலிருந்து விலகி வெளியே வந்தார்கள், அதிலிருந்து ஷின்தோஹோ என்ற புதுக் கம்பெனி முளைத்தது. அதுவே தனிக் கதை. நமக்கு வேண்டியது இதுதான்: 1947 வாக்கில் அவர் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் தனியாக ஒப்பந்தம் பேசி நடிக்க ஆரம்பித்தார். அதனால்தான் ஷோசிகு கம்பெனி இயக்குநரான ஓசு யாசுஜிரோவின் படத்துக்கு வர முடிந்தது.

ஓசுவை ஒருமுறையும் பார்க்காதவர்களுக்கு: கேமரா கிட்டத்தட்ட தரையில் இருக்கும், பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே. அநேகமாக நகராது. இரண்டு பேர் பேசினால் இருவரும் கிட்டத்தட்ட நேராக நம்மைப் பார்த்தே பேசுவார்கள். ஓடுவது, கத்துவது, கட்டிப்பிடிப்பது எதுவும் கிடையாது. நடிகருக்கு மிஞ்சுவது முகம் மட்டும்தான். நான் முதல்தடவை 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். இரண்டாம் தடவை, விதவை மருமகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மாமனாருக்காக ஒரு குப்பி சாகே மது கடன் வாங்குகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாசக் கடைசியில் திடீரென்று விருந்தாளி வந்த வீடு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஓசு அவரை வைத்து ஆறு படம் எடுத்தார். அதில் முதல் மூன்றில் அவர் பாத்திரத்தின் பெயர் நோரிகோ: 1949-இல் 'லேட் ஸ்பிரிங்', 1951-இல் 'ஏர்லி சம்மர்', 1953-இல் 'டோக்கியோ ஸ்டோரி'. இவற்றை 'நோரிகோ முப்படம்' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத் தொடர்கதை என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, மூன்றும் வேறு வேறு பெண்கள், வேறு வேறு வீடு. ர்யூ சிஷூ என்ற நடிகர் மூன்றிலும் வருகிறார்: முதல் படத்தில் அப்பா, இரண்டாவதில் அண்ணன், மூன்றாவதில் மாமனார். நிஜத்தில் அவர் செட்சுகோவைவிட 16 வயதுதான் மூத்தவர். இன்னொன்றும் உண்டு. இரண்டாவது படத்தில் போருக்குப் போய்த் திரும்பாத அண்ணன் பெயர் ஷோஜி, மூன்றாவது படத்தில் போரில் செத்துப்போன கணவன் பெயரும் ஷோஜி. பெயர்களை இப்படித் திரும்பத் திரும்ப வைக்கும்போது, பார்க்கிறவன் மனதில் மூன்று பெண்களும் ஒன்றாகக் கரைய ஆரம்பிக்கிறார்கள். பிம்பம் அந்தக் கரைசலில்தான் பிறக்கிறது.

அந்தக் கரைந்த நோரிகோ எப்படிப்பட்டவள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: நல்லவள், பொறுமைசாலி, எதையும் சிரித்துக்கொண்டே தாங்குகிறவள். செட்சுகோவுக்குப் பத்திரிகைகள் கொடுத்த பட்டமே 'எயென் நோ ஷோஜோ', என்றென்றும் கன்னி. சரி, இப்போது படத்தையே பார்ப்போம்.

'லேட் ஸ்பிரிங்' நோரிகோவுக்கு 27 வயது. காமகுராவில் அப்பாவோடு இருக்கிறாள், அவர் பேராசிரியர், மனைவியை இழந்தவர். ஆரம்பத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. அப்பாவின் நண்பர் மறுமணம் செய்துகொண்டவர், அவரிடம் நோரிகோ பேசுகிறாள். மறுமணம் என்றாலே அசிங்கமாக இருக்கிறது, நீங்கள் அழுக்கு என்று நேராகவே சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாள் தெரியுமா, முகம் முழுக்கச் சிரிப்போடு. அந்தப் பெரியவரும் சிரிக்கிறார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு 'இப்போ சுத்தமாயிட்டேனா' என்கிற மாதிரி விளையாடுகிறார். நாமும் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். அவள் சொன்னது கடுமையான வார்த்தை. சிரிப்பு அதற்குப் போட்ட சர்க்கரைப் பூச்சு, அவ்வளவுதான்.

பிறகு வருவதுதான் 'நோ' நாடகக் காட்சி ('நோ' என்பது ஜப்பானின் பழைய பாட்டு நாடகம்). அப்பாவும் மகளும் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். அப்பா எதிர்ப்பக்கம் யாரையோ பார்த்துத் தலை குனிந்து வணங்குகிறார். நோரிகோவும் பார்க்கிறாள். மிவா என்ற விதவைப் பெண்மணி. நோரிகோவும் சிரித்துத் தலை குனிகிறாள். பிறகு அப்பாவைப் பார்க்கிறாள். அவர் நாடகத்தில் லயித்திருக்கிறார். மறுபடி அந்த அம்மாவைப் பார்க்கிறாள். மறுபடி அப்பா. வசனம் ஒன்றுமில்லை, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து போகிறது, தலை மெல்லக் கவிழ்கிறது. அப்பா மறுமணம் செய்துகொள்ளப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வெளியே வந்ததும் தெருவைக் கடந்து மறுபக்கம் போய் தனியாக விறுவிறுவென்று நடக்கிறாள். இதைத் தியாகச் சுடர் என்று சொல்ல முடியுமா? பொறாமை, கோபம், பிடிவாதம் எல்லாம் இருக்கிற பெண். கடைசிவரை அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை. அப்பா தான் மறுமணம் செய்யப்போவதாகப் பொய் சொல்லித்தான் அவளை அனுப்பிவைக்கிறார். மாப்பிள்ளை எப்படி இருப்பான் என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள், ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் சாயல் என்று பேச்சில் மட்டும் வரும்.

ஆக, செட்சுகோவின் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அது எங்கே நிற்கிறது என்று கவனிப்பது. சிரிப்பு வருகிற இடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். கியோட்டோ விடுதியில் அப்பாவும் மகளும் படுத்திருக்கிற காட்சியில், இருட்டில் மேலே பார்த்துச் சிரித்த முகம், ஒரு பூச்சாடியைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் அழுகையின் ஓரத்தில் நிற்கும். அந்தப் பூச்சாடிக்கு என்ன அர்த்தம் என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் சாடியை விட்டுவிட்டேன். முகத்தில் அந்தச் சில நொடிகளில் நடந்ததை நமக்குக் காட்டாமல் மறைத்துவிட்டாரே ஓசு, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

'ஏர்லி சம்மர்' நோரிகோ வேறு ரகம். 28 வயது, டோக்கியோவில் ஆபீஸ் வேலை, கலகலப்பானவள். முதலாளி ஒரு வரன் கொண்டுவருகிறார், வசதியான ஆள், நாற்பதைத் தாண்டியவர். வீட்டில் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். இவள் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். அங்கே இருப்பவர் மனைவியை இழந்த ஒரு டாக்டர், ஒரு குழந்தை வேறு, மறுநாள் வடக்கே அகிதாவுக்கு மாற்றலாகிப் போகிறார். அவருடைய அம்மா சும்மா ஆதங்கமாக, "கோபப்படாதேம்மா, உன்னை மாதிரி ஒருத்தி என் மகனுக்கு வாய்த்திருந்தால் என்று கனவு கண்டிருக்கிறேன்" என்கிறார். "என்னை மாதிரி விலைபோகாமல் மிஞ்சினவள் பரவாயில்லையா?" என்கிறாள் நோரிகோ, உடனே சரி என்றும் சொல்லிவிடுகிறாள். அந்த அம்மாவுக்குக் கண்ணீர் கொட்டுகிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை, "அன்பான் சாப்பிடுறியா?" என்று கேட்கிறார். அன்பான் என்பது உள்ளே இனிப்புப் பயறு வைத்த பன். ஒரு வாழ்க்கை முடிவாகிற நேரத்தில் பன் சாப்பிடுகிறாயா என்று கேட்க ஒரு அம்மாவால்தான் முடியும். மொத்தக் குடும்பத்தின் திட்டத்தையும் ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டு வந்தவளை 'பொறுமைசாலி நோரிகோ' கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது நோரிகோவிடம் வருவோம். பிம்பம் மிகவும் கெட்டியாக உறைந்தது இந்தப் படத்தில்தான். ஒனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள் ஒரு வயதான தம்பதி. பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. எட்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன இரண்டாவது மகனின் மனைவிதான் ஆபீஸில் லீவு போட்டு பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுகிறாள், மாமியாரைத் தன் ஒற்றை அறையில் படுக்கவைத்துத் தோள் பிடித்துவிடுகிறாள், கையில் கொஞ்சம் பணமும் வைக்கிறாள். மாமியார் மனம் தாளாமல், இன்னொரு கல்யாணம் செய்துகொள், வயசானால் தனியாக இருப்பது கஷ்டம் என்கிறார். "நான் வயசாகாமலே இருந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று சிரிக்கிறாள் நோரிகோ. இந்த வசனத்துக்குப் பிறகு திரும்பி வருவேன்.

மாமியார் இறந்தபின், கடைசியில், மாமனார் அவளிடம் சொல்கிறார்: பெற்ற பிள்ளைகளைவிட நீதான் எங்களுக்கு அதிகம் செய்தாய், நீ நல்லவள். நோரிகோ மறுக்கிறாள். நீங்கள் நினைக்கிற மாதிரி நான் நல்லவள் இல்லை, எப்போதும் உங்கள் மகனையே நினைத்துக்கொண்டிருக்கவில்லை, நினைக்காத நாட்களே அதிகம், இப்படியே எத்தனை நாள் போகும் என்று ராத்திரியில் தோன்றுகிறது, மனசு எதற்கோ காத்திருக்கிறது. அவள் தன்னைச் சொல்லிக்கொள்கிற வார்த்தை 'சுருய்'. தமிழில் கள்ளத்தனம் என்று சொல்லலாம், சூது, சுயநலம் எல்லாம் கலந்தது. நான் கள்ளத்தனம் பிடித்தவள் என்கிறாள். கேட்ட மாமனார் என்ன சொல்கிறார்? பரவாயில்லை, நீ நல்லவள்தான், நேர்மையாகச் சொல்கிறாயே என்கிறார். முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்.

எனக்கு இந்தக் காட்சி ஒட்டுமொத்தத் திரைப்பிம்ப விவகாரத்தின் சுருக்கமாகத் தெரிகிறது. அந்தப் பெண் தன் வாயாலேயே சொல்கிறாள், என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று. மாமனார் அதையும் அவளுடைய நல்ல குணக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார். படம் பார்த்த நாமும் எழுபது வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். அதற்குச் சற்று முன்னால், சின்ன நாத்தனார் கியோகோ கோபத்தோடு, உலகம் ஏன் இப்படி வெறுப்பாக இருக்கிறது என்று கேட்கும்போது, ஆமாம், பிடிக்காத விஷயங்களாகவே இருக்கிறது என்று நோரிகோ பதில் சொல்வாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். வார்த்தையை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், கிடைப்பதுதான் 'என்றென்றும் கன்னி'.

அந்த 1953-ஆம் வருஷம் மாசாயேக்கு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோடையில் அவருடைய அண்ணன், ஒளிப்பதிவுக் கலைஞர், தங்கை நடித்துக்கொண்டிருந்த இன்னொரு படத்துக்காக கோதெம்பா ரயில் நிலையத்தில் காட்சி எடுக்கும்போது ரயில் மோதி இறந்தார். படத்தை இயக்கியவர் அக்கா கணவர் குமகாய். 'டோக்கியோ ஸ்டோரி' வெளியானது அதே வருஷம் நவம்பரில். அந்தப் படத்தின் சாவு வீட்டுக் காட்சிகளில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பது யார், நோரிகோவா, செட்சுகோவா, மாசாயேயா? பார்க்கிறவர்களால் பிரிக்க முடியாது.

பிம்பத்துக்கு வெளியே அவர் என்னவெல்லாம் செய்தார் என்று தெரிந்துகொள்ள 1951 ஒன்றே போதும். மே மாதம் குரோசவாவின் 'தி இடியட்', தஸ்தயேவ்ஸ்கி நாவலைச் சப்போரோ பனிக்குள் கொண்டுவந்த படம். அதில் கறுப்பு மேலங்கியோடு, ஆண்களை ஒரு பார்வையில் பொசுக்குகிற, பணக்காரனின் வைப்பாக இருந்த பெண்ணாக வருகிறார். 265 நிமிடப் படத்தை ஷோசிகு 166 நிமிடமாக வெட்டித் தள்ளியது, மிச்சம் கிடைக்கவே இல்லை, அதனால் படம் நொண்டும். அக்டோபரில் 'ஏர்லி சம்மர்'. நவம்பரில் நாருசே மிகியோவின் 'ரீபாஸ்ட்'. ஒசாகா சந்து ஒன்றில், காதலித்துக் கட்டிய கணவன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பசிக்குது என்கிற வீட்டில், அரிசி கழுவிக் கழுவி அலுத்துப்போன மனைவி. தலைமுடி கலைந்திருக்கும், முகத்தில் சிடுசிடுப்பு இருக்கும். ஓசுவின் படத்தில் கல்யாணத்துக்குச் சரி சொன்ன அதே முகம், ஏழே வாரத்தில், கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று காட்டுகிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் நாருசேயின் செட்சுகோவைத்தான் அதிகம் பிடிக்கும், ஆனால் போஸ்டரில் வருவது எப்போதும் நோரிகோதான்.

1958-இல் ஜப்பானிய தியேட்டர்களில் விற்ற டிக்கெட் 112 கோடிக்கும் மேல். டிவி வந்தது, 1963-இல் அது 51 கோடியாக விழுந்தது. அந்தச் சரிவின் நடுவில், 1962-இல், 47 சாமுராய்கள் கதையான 'சூஷிங்குரா'வில் தலைவனின் மனைவியாகக் கொஞ்ச நேரம் வந்துபோனார் செட்சுகோ. அதோடு சரி. அப்போது அவருக்கு 42 வயது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல், தன் அறுபதாவது பிறந்தநாளன்று, ஓசு காலமானார். செட்சுகோ காமகுராவில் உறவினர்களோடு ஒதுங்கினார். பேட்டி இல்லை, விழா இல்லை, பொது இடத்தில் தலைகாட்டுவதில்லை. நட்சத்திரம் ஹாரா செட்சுகோவை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாசாயேயாக ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

அங்கேதான் வேடிக்கை. ஆள் போனபின் பிம்பம் இன்னும் வேகமாக வளர்ந்தது. கண்புரைதான் காரணம், ஓசுமேல் காதல்தான் காரணம், அவர் போனபின் நடிக்க மனமில்லை என்று கதைகள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், ரசிகர்களுக்கு அது போதும். உண்மையில் ஓசு இறப்பதற்கு ஓராண்டு முன்பே செட்சுகோவின் கடைசிப் படம் வந்துவிட்டது, ஆனால் கதைக்குக் காலண்டர் எதற்கு? 'வயசாகாமலே இருந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்' என்ற வசனத்தைத் திரும்பி வருவேன் என்றேனே, இதற்காகத்தான். திரையில் அவருக்கு நிஜமாகவே வயதாகவில்லை.

வேறு வழிகளும் இருந்தன. அதே காலத்து நடிகை தனாகா கினுயோ வயதை ஒளிக்கவில்லை, 1958-இல் கிழவி வேஷத்துக்காக முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள், நடுவில் தானே ஆறு படம் இயக்கினார். இன்னொரு நடிகை தகாமினே ஹிதேகோ ஐந்து வயதில் நடிக்க ஆரம்பித்தவர், பின்னாளில் பேனாவை எடுத்துத் தன் கதையைத் தானே எழுதி, பிம்பத்தைக் கையோடு பிரித்துப் போட்டார். செட்சுகோ எதுவும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தை எல்லாரும் அவரவர் கதையால் நிரப்பினார்கள். கோன் சதோஷியின் 2001 அனிமேஷன் படம் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' கூட, புகழின் உச்சியில் ஒதுங்கிக்கொண்ட நடிகையைத் தேடிப் போகும் கதைதான். அதில் செட்சுகோ, ஹிதேகோ இருவரின் சாயலும் உண்டு என்பார்கள்.

2015 செப்டம்பர் 5-இல் நிமோனியாவால் இறந்தார், 95 வயது. செய்தி வெளியானது நவம்பர் 25-இல்தான். இரண்டரை மாதத்துக்கு மேல் ஜப்பானியப் பத்திரிகைகளுக்குத் தெரியாமல் ஒரு பெரிய நட்சத்திரம் இறந்திருக்கிறார், ஏனென்றால் இறந்தது ஐதா மாசாயே. ஹாரா செட்சுகோவுக்கு இரங்கல் குறிப்பு எழுதியவர்கள் அநேகமாக எல்லாரும் நோரிகோவைப் பற்றித்தான் எழுதினார்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 'லேட் ஸ்பிரிங்' பாருங்கள், மறுநாளே 'ரீபாஸ்ட்' பாருங்கள், அப்புறம் கொஞ்சம் நாள் விட்டு 'டோக்கியோ ஸ்டோரி'. பொறுமை மிச்சம் இருந்தால் 1960-இல் வந்த 'லேட் ஆட்டம்'. அதே ஓசு, கிட்டத்தட்ட அதே கதை, தனியாக இருக்கும் பெற்றவருக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் மகள். ஆனால் இந்தத் தடவை மகள் வேறு நடிகை, விதவைத் தாயாக வருகிறவர் செட்சுகோ. கல்யாணம் முடிந்த ராத்திரி அவர் வெறும் அறைக்குத் திரும்புகிறார். வந்து விசாரித்துவிட்டுப் போகிற பெண்ணும் போய்விடுகிறாள். தனியாக உட்கார்ந்திருக்கிறார். பார்க்க யாருமில்லாத அந்த அறையில், மெல்ல, ஒரு சிரிப்பு வருகிறது.